டிஸ்ட்ரிக்ட்டும் டீச்சர்ஸ் யூனியனும் சேர்ந்து வேலை பண்ணணும்னா எங்க ஆரம்பிக்கணும்

அமெரிக்காவுல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டை, அதாவது ஒரு பகுதியோட அரசு ஸ்கூல்களை நடத்தற அமைப்பை, மேற்பார்வை பாக்கற ஸ்கூல் போர்டுக்கு புதுசா ஜெயிச்சு வந்திருக்கற நம்ம ஆளு ஒருத்தர் என்கிட்ட கேட்டார், "யூனியன் இருக்கற வரைக்கும் சரியா பாடம் நடத்தாத டீச்சரை ஒண்ணுமே பண்ண முடியாதாமே, நிஜமா மேடம்?" அதே வாரம் இன்னொரு ஸ்கூல்ல யூனியனுக்கு பில்டிங் ரெப்பா, அதாவது அந்த ஸ்கூல் டீச்சர்களோட பிரதிநிதியா இருக்கற பொண்ணு போன் பண்ணி, "அக்கா, டிஸ்ட்ரிக்ட் கூட சேர்ந்து கமிட்டில உக்கார கூப்பிடறாங்க, போய் உக்காந்தா நம்ம கையை வெச்சே நம்ம ஆளுங்களை வெட்டிடுவாங்கன்னு எல்லாரும் பயப்படறாங்க, என்ன பண்ணட்டும்?"னு கேட்டா. ரெண்டு பேருக்கும் தனித்தனியா சொன்னதை ஒண்ணா சேர்த்து இங்க எழுதறேன், ஏன்னா பதில் ஒண்ணுதான். சம்பளத்துல ஆரம்பிக்காதீங்க, வேலையை விட்டு தூக்கறதுல ஆரம்பிக்காதீங்க, முதல் வருஷ டீச்சருக்கு கை கொடுக்கறதுல ஆரம்பிங்க, அதை ரெண்டு தரப்பும் சரிபாதி பொறுப்போட நடத்துங்க, ஒரு வருஷம் முழுசா நடத்தி முடிச்சுட்டு அப்புறமா மத்ததை பேசுங்க.

நான் மிடில் ஸ்கூல்ல மேத்ஸ் எடுக்கறேன், நடுவுல மூணு வருஷம் கன்சல்டிங் டீச்சரா இருந்தேன், அதாவது எனக்கு கிளாஸ் கிடையாது, மத்த டீச்சர்களோட கிளாஸ்ல போய் உக்காந்து உதவி பண்றதுதான் முழு நேர வேலை. அதுக்கு நான் ஒத்துக்கிட்டதுக்கு காரணம் என்னோட முதல் வருஷம். அந்த வருஷம் பிரின்சிபால் என் கிளாஸுக்கு ரெண்டே தடவை வந்தார், ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம் இருக்கும், கடைசில ஒரு ஃபார்ம்ல எல்லா கட்டத்துலயும் 'திருப்தி'ன்னு டிக் போட்டு கையெழுத்து வாங்கிட்டு போயிட்டார். நான் தினமும் வீட்டுக்கு போய் அழுதுட்டு இருந்தேன், எனக்கு எதுவுமே திருப்தியா இல்ல, ஆனா யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. அவர் மேல கோபம் இல்ல, நாப்பது டீச்சரையும் எழுநூறு பிள்ளைங்களையும் ஒரே ஆள் பாத்துக்கிட்டா அவ்வளவுதான் முடியும்.

முதல்ல சட்டத்தை பாருங்க

இதை ஸ்கிப் பண்ணிட்டு நேரா ஐடியாவுக்கு போறவங்கதான் அதிகம், அப்புறம் வக்கீல் லெட்டர் வரும்போது முழிப்பாங்க. பப்ளிக் ஸ்கூல் டீச்சர்களோட யூனியன் உரிமை ஃபெடரல் சட்டத்துல வராது, ஒவ்வொரு ஸ்டேட்டும் தனியா சட்டம் வெச்சிருக்கு. அரசு ஊழியர்கள் கூட்டா பேரம் பேசலாம்னு 1959ல முதல் முதலா சட்டம் போட்டது விஸ்கான்சின், அதே ஸ்டேட்தான் 2011ல அதை பெரும்பாலும் அடிப்படை சம்பளம் மட்டும்ங்கற அளவுக்கு சுருக்குச்சு. வட கரோலினால இந்த மாதிரி கான்ட்ராக்ட்டே செல்லாது. டெக்சாஸ்லயும் பேரம் பேச முடியாது, ஆனா சில டிஸ்ட்ரிக்ட்ல ஒரு சங்கத்தை மட்டும் கலந்தாலோசனைக்குன்னு அங்கீகரிச்சு வெச்சிருக்காங்க, அந்த வழியா இதுல பாதியாவது செய்யலாம். அதனால உங்க ஸ்டேட்ல எவாலுவேஷன், அதாவது டீச்சரை மதிப்பிடறது பத்தி எதெல்லாம் பேசியே ஆகணும், எதை விருப்பப்பட்டா பேசலாம், எதை பேசவே கூடாதுன்னு மூணு பட்டியல் போட்டு வெச்சுக்கோங்க, அப்புறம் உங்க கான்ட்ராக்ட்டை எடுத்து எவாலுவேஷன், டெனூர் (நிரந்தர வேலை பாதுகாப்பு), கிரீவன்ஸ் (ஒப்பந்தத்தை மீறினா யூனியன் போடற முறையான புகார்) மூணு பகுதியையும் வரி வரியா படிங்க. ரெண்டு தரப்பும் ஒரே மேசைல உக்காந்து படிச்சா இன்னும் நல்லது, ஏன்னா ஒரே வரியை ரெண்டு பேரும் வேற வேற மாதிரி புரிஞ்சு வெச்சிருக்கறது அப்பதான் தெரியும்.

இன்னொரு சட்ட சந்தேகம் கண்டிப்பா வரும். ஒரு டீச்சர் இன்னொரு டீச்சரை மதிப்பிட்டா அவர் மேனேஜ்மென்ட் ஆள் ஆயிடுவாரா, யூனியன்ல இருக்க முடியாதான்னு கேப்பாங்க. கலிஃபோர்னியா 1999ல ஸ்டேட் முழுக்க இந்த மாதிரி ப்ரோக்ராமுக்கு சட்டம் போட்டப்போ, இந்த வேலை பாக்கறதால அவர் மேனேஜரோ சூப்பர்வைசரோ ஆயிட மாட்டார்னு அதுலயே எழுதி வெச்சுட்டாங்க. உங்க ஸ்டேட் சட்டத்துல அப்படி தெளிவா இல்லைன்னா கான்ட்ராக்ட்லயாவது எழுதி வாங்கிடுங்க.

வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு பேர் உக்காரணும்

டிஸ்ட்ரிக்ட்டோட தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட்டும் யூனியன் பிரசிடென்ட்டும். வேற யாரையும் அனுப்பக் கூடாது. கலிஃபோர்னியால லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல ஏபிசி யூனிஃபைட்னு ஒரு டிஸ்ட்ரிக்ட், செரிட்டோஸ், ஆர்டீசியா, ஹவாயன் கார்டன்ஸ் பகுதியெல்லாம் அதுல வரும், அங்க 1993ல எட்டு நாள் ஸ்ட்ரைக் நடந்துச்சு, ஊரே ரெண்டா பிரிஞ்சுது. அந்த காயம் ஆற வருஷங்கள் ஆச்சு. 1999ல யூனியன் பிரசிடென்ட் லாரா ரிக்கோவும் சூப்பரின்டென்டென்ட் ரான் பார்ன்ஸும் தவறாம உக்காந்து பேச ஆரம்பிச்சாங்க. அவங்க முதல்ல எடுத்த வேலையை கவனிங்க, சம்பளத்தையோ ரூலையோ தொடல, டிஸ்ட்ரிக்ட்டோட தெற்கு பக்கத்துல ஏழ்மை அதிகமா இருந்த எலிமென்டரி ஸ்கூல்கள்ல பிள்ளைங்களுக்கு வாசிப்பு வரல, அங்க நல்ல டீச்சர்கள் நிலைக்கறதும் கஷ்டமா இருந்துச்சு, அதை எடுத்துக்கிட்டாங்க. யாரும் எதிர்க்க முடியாத, முடிஞ்சா கண்ணுக்கு தெரியற ஒரு வேலை. சூப்பரின்டென்டென்ட் மாறியும் அந்த உறவு நிலைச்சு நின்னுச்சு. ரட்கர்ஸ் யுனிவர்சிட்டியோட சால் ரூபின்ஸ்டைனும் கார்னெல் யுனிவர்சிட்டியோட ஜான் மெக்கார்த்தியும் இந்த டிஸ்ட்ரிக்ட்டை ரொம்ப நாள் ஆராய்ச்சி பண்ணி, பிரின்சிபாலும் யூனியன் ரெப்பும் நெருக்கமா சேர்ந்து வேலை பாக்கற ஸ்கூல்கள்ல பிள்ளைங்களோட முன்னேற்றமும் அதிகமா இருக்குன்னு எழுதினாங்க.

அந்த வாராந்திர மீட்டிங்குக்கு ஒரே ஒரு ரூல் போதும், ஒருத்தர் பண்ணப் போறது இன்னொருத்தருக்கு பேப்பர் மூலமாவோ மெயில் மூலமாவோ தெரிய வரக் கூடாது. எனக்கு தெரிஞ்ச ஒரு டிஸ்ட்ரிக்ட்ல ஆகஸ்ட் மாசம், ஸ்கூல் திறக்க நாலு நாள் இருக்கும்போது, புது எவாலுவேஷன் ஃபார்ம் ஒண்ணு எல்லா டீச்சருக்கும் மெயில்ல வந்துச்சு. ஃபார்ம் உண்மையிலேயே நல்லா இருந்துச்சு, பழசை விட எவ்வளவோ மேல். ஆனா யூனியன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கிரீவன்ஸ் போட்டாங்க, எட்டு மாசம் அதுலயே போச்சு, அந்த ஃபார்ம் டிராயருக்குள்ள போயிடுச்சு. நாலு நாள் முன்னாடி ஒரு காபி குடிச்சிருந்தா நடந்திருக்காது.

நல்ல டீச்சிங்னா என்னன்னு முதல்ல ஒத்துப் போங்க

இது இல்லாம, டீச்சர்களோட மதிப்பீட்டை முடிவு பண்ற ரெண்டு தரப்பு பேனல், அதோட ஓட்டு எதுவும் நிக்காது. பல டிஸ்ட்ரிக்ட்கள், நல்ல டீச்சிங் எப்படி இருக்கும்னு பிரிச்சு சொல்ற டேனியல்சன் ஃப்ரேம்வொர்க்கை எடுத்துக்கறாங்க, 1996ல வந்தது, நாலு பெரிய பிரிவு, அதுக்குள்ள 22 அம்சம், ஒவ்வொண்ணுக்கும் நாலு நிலை. அதையே எடுத்தாலும் சரி, உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டாலும் சரி, பேப்பர்ல இருக்கறது பெருசில்ல. பாதி டீச்சர், பாதி பிரின்சிபால்னு பத்து பன்னெண்டு பேர் ஒரு ரூம்ல உக்காந்து ஒரே பாடத்தோட வீடியோவை பாருங்க, ஒருத்தரை ஒருத்தர் பாக்காம மார்க் போடுங்க, அப்புறம் காட்டுங்க. ஒரே பாடத்துக்கு ஒருத்தர் நாலு போட்டிருப்பார், இன்னொருத்தர் ரெண்டு போட்டிருப்பார். 'கிளாஸ் அமைதியா இருந்துச்சே'ம்பார் அவர், 'அமைதியா இருந்துச்சு, ஆனா யாரும் யோசிக்கல'ம்பார் இவர். இந்த சண்டைதான் வேணும். நாலஞ்சு சனிக்கிழமை இதை பண்ணினா மார்க் நெருங்கி வந்துடும், அதுக்குள்ள அந்த ரூம்ல யார் யூனியன் யார் நிர்வாகம்ங்கறதே மறந்து போயிருக்கும், எனக்கு அது நடந்துச்சு.

பேனல் எப்படி அமைக்கறது

இதுக்கு நாப்பது வருஷத்துக்கு மேல அனுபவம் இருக்கற முன்மாதிரி ஒஹையோவுல டொலிடோ. அங்க ஏ.எஃப்.டி.ங்கற தேசிய டீச்சர்ஸ் யூனியன் கிளையோட பிரசிடென்ட்டா இருந்த டால் லாரன்ஸ் வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருந்து, 1981ல டிஸ்ட்ரிக்ட் ஒத்துக்கிச்சு. பியர் அசிஸ்டன்ஸ் அண்ட் ரிவ்யூ, அதாவது சக டீச்சரே உதவி பண்ணி மதிப்பிடறது, சுருக்கமா பார்னு (PAR) சொல்றாங்களே, அதோட தொடக்கம் அதுதான். அதை நடத்தற பேனல்ல ஒம்பது பேர், அஞ்சு பேர் யூனியன், நாலு பேர் நிர்வாகம், ஆனா எந்த முடிவுக்கும் ஆறு ஓட்டு வேணும். இந்த கணக்கை ஒரு நிமிஷம் யோசிச்சு பாருங்க, யூனியன் மட்டும் கையை தூக்கினா எதுவும் நடக்காது, நிர்வாகம் மட்டும் தூக்கினாலும் நடக்காது, எதிர்ப்பக்கத்துல ஒருத்தரையாவது நியாயத்தால சம்மதிக்க வெச்சே ஆகணும். மேரிலாண்ட்ல மாண்ட்கோமரி கவுன்ட்டி வேற மாதிரி வெச்சாங்க, 16 பேர், எட்டு டீச்சர், எட்டு பிரின்சிபால். எண்ணிக்கை எதுவா வேணா இருக்கட்டும், ஒரே தரப்பு தனியா ஜெயிக்க முடியாத மாதிரி வைங்க, தலைவர் பதவியை ரெண்டு பேருக்கு கொடுங்க, ஆலோசனை சொல்ற கமிட்டின்னு மட்டும் வெச்சுடாதீங்க, முடிவெடுக்கற அதிகாரம் இல்லாத கமிட்டிக்கு மூணாவது மீட்டிங்க்கு யாரும் வர மாட்டாங்க.

பிரின்சிபால்களை மறந்துட்டு ப்ளான் போடறது பெரிய தப்பு. தங்களோட வேலையை பிடுங்கறாங்கன்னு அவங்களுக்கு தோணும், தோணறது நியாயம்தான். முதல் நாள்லயே மேசைக்கு கூப்பிடுங்க. மாண்ட்கோமரில பிரின்சிபால்களுக்குன்னு இருக்கற தனி சங்கமும் இதுல சேர்ந்துச்சு.

கன்சல்டிங் டீச்சரை தேர்ந்தெடுக்கறது

இங்க அவசரப்பட்டா மொத்தமும் போச்சு. விண்ணப்பம், எழுத்து மாதிரி, கூட வேலை பாக்கறவங்க கருத்து எல்லாம் வாங்குங்க, ஆனா எல்லாத்துக்கும் மேல பேனல்ல இருந்து ரெண்டு பேர் முன்கூட்டி சொல்லாம அவங்க கிளாஸுக்கு போய் பாக்கணும், ஒருத்தர் டீச்சர், ஒருத்தர் பிரின்சிபால். அருமையா பாடம் நடத்தறவங்க எல்லாருக்கும் இன்னொரு பெரியவங்களுக்கு சொல்லிக் கொடுக்க வராது, அதை இன்டர்வ்யூல ஒரு வீடியோவை காட்டி, 'இந்த டீச்சர்கிட்ட முதல் வாக்கியம் என்ன பேசுவீங்க'ன்னு கேட்டா தெரிஞ்சுடும். 'நீங்க இதை மாத்தணும்'னு ஆரம்பிக்கறவங்களை நான் எடுக்க மாட்டேன். பதவிக்காலம் மூணு வருஷம், முடிஞ்சதும் கிளாஸுக்கு திரும்பணும், டொலிடோல அப்படித்தான். இதை ஏணியா வெச்சு அட்மினிஸ்ட்ரேஷனுக்கு ஏறக் கூடாதுன்னு ஆரம்பத்துலயே எழுதி வாங்கிடுங்க, இல்லேன்னா மத்த டீச்சர்கள் அவங்களை வேவு பாக்க வந்தவங்களாத்தான் பாப்பாங்க.

ஒருத்தருக்கு எத்தனை டீச்சர்? பன்னெண்டு பதினஞ்சுக்கு மேல போனா வெறும் கையெழுத்து வேலையா மாறிடும். செலவும் இங்கதான், கன்சல்டிங் டீச்சர் விட்டுட்டு வர்ற கிளாஸுக்கு இன்னொரு டீச்சர் சம்பளம் போடணும். ஃபெடரல் கல்விச் சட்டத்துல டைட்டில் டூ நிதி டீச்சர் பயிற்சிக்குத்தான் வருது, அதை வருஷத்துக்கு ஒரு நாள் ஹோட்டல் ஹால்ல நடக்கற ஒர்க்‌ஷாப்புக்கு செலவழிக்கறதை விட இதுக்கு திருப்பலாம்.

கிளாஸுக்குள்ள என்ன நடக்குது

ஒரு உதாரணம் சொல்றேன், ஆளை அடையாளம் தெரியாத மாதிரி மாத்தித்தான் சொல்றேன். ஏழாம் கிளாஸ், பின்னம் கூட்டல், அரையும் மூணுல ஒரு பங்கும். புது டீச்சர், நல்ல அறிவு, நல்ல மனசு. 'மேல இருக்கறதையும் கீழ இருக்கறதையும் அப்படியே ஏன் கூட்டக் கூடாது?'ன்னு கேட்டாங்க, பிரமாதமான கேள்வி, ஆனா ஒரு செகண்ட்ல அவங்களே பதிலும் சொல்லிட்டாங்க. நான் பின்னாடி உக்காந்து பேப்பர்ல மூணு கோடு போட்டு எழுதிட்டு இருந்தேன், இடது பக்கம் நேரம், நடுவுல டீச்சர் சொன்னது, வலது பக்கம் பிள்ளைங்க சொன்னது. பன்னெண்டு நிமிஷத்துல முப்பத்தியொரு கேள்வி. வலது பக்கம் கிட்டத்தட்ட காலியா இருந்துச்சு.

கிளாஸ் முடிஞ்சு உக்காந்தப்போ நான் மார்க் எதுவும் சொல்லல, அந்த பேப்பரை அவங்க முன்னாடி வெச்சு, எத்தனை கேள்விக்கு பிள்ளைங்க பதில் சொன்னாங்கன்னு நீங்களே எண்ணுங்கன்னேன். விரல் வெச்சு எண்ணிக்கிட்டே வந்தாங்க, பாதில நிறுத்திட்டாங்க. ரொம்ப நேரம் பேசல. அப்புறம், 'யாரும் பதில் சொல்லலேன்னா எனக்கு பயமா இருக்கு'ன்னாங்க. அன்னிக்கு நாங்க ஒரே ஒரு விஷயம் முடிவு பண்ணினோம், கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள மூணு எண்ணணும். இது நான் கண்டுபிடிச்சதில்ல, மேரி பட் ரோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1970கள்லயே டீச்சர்கள் சராசரியா ஒரு செகண்ட்தான் காத்திருக்காங்க, அதை மூணாக்கினா பிள்ளைங்க பதில் நீளமாவும் நல்லாவும் வருதுன்னு காட்டிட்டாங்க. மூணாவது தடவை நான் போனப்போ ஜன்னல் ஓரத்துல உக்காந்திருந்த ஒரு பையன், அதுவரைக்கும் என் பேப்பர்ல அவன் பேரே வந்ததில்ல, மெதுவா கையை தூக்கி, 'துண்டெல்லாம் ஒரே சைஸ் இல்லையே'ன்னான். அந்த டீச்சர் திரும்பி என்னை பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

வருஷத்துக்கு ரெண்டு விசிட்ல இது நடக்காது. முதல் ரெண்டு மாசம் வாரம் ஒரு தடவையாவது போகணும். ஒரு சந்திப்புக்கு ஒரே விஷயம். எழுத்துல கொடுக்கறதை அன்னிக்கே கொடுக்கணும்.

சீனியர் டீச்சர் சரியா நடத்தலேன்னா

போர்டு மெம்பர் கேட்ட கேள்விக்கு இப்பதான் வர்றேன். முடியும். மாண்ட்கோமரில பார் வர்றதுக்கு முந்தின பத்து வருஷத்துல வேலை போனது அஞ்சு டீச்சருக்கு, அது வந்து பதினோரு வருஷத்துல பேனல் 200 பேரை நீக்க ஓட்டு போட்டுச்சு, இன்னும் 300 பேர் அந்த வழிக்கு போகாமலே தாங்களா விலகிட்டாங்கன்னு அப்போ சூப்பரின்டென்டென்ட்டா இருந்த ஜெர்ரி வீஸ்ட் 2011ல சொன்னார். யூனியன் எதிர்த்து நின்னு நடந்ததில்ல, யூனியன் உக்காந்திருந்த மேசைல நடந்தது. ஆனா ஆரம்பத்துலயே இதுக்கு போகாதீங்க. புது டீச்சர்களுக்கு ஒரு வருஷம் நேர்மையா உதவி பண்ணி காட்டின அப்புறம்தான் சீனியர்கள் நம்புவாங்க.

எப்படின்னா, பிரின்சிபால் குறைன்னு சொன்னதும் நேரா பேனலுக்கு போகக் கூடாது, ஒரு கன்சல்டிங் டீச்சர் தனியா போய் பாத்து, பிரச்சினை உண்மைதானான்னு சொல்லணும். உண்மைன்னா ஒரு முழு வருஷமாவது உதவி. அப்புறம் கன்சல்டிங் டீச்சரும் பிரின்சிபாலும் பேனல் முன்னாடி தனித்தனியா பேசணும், அந்த டீச்சரும் யூனியன் ஆள் ஒருத்தரோட வந்து தன் பக்கத்தை சொல்லணும், அதுக்கு அப்புறமும் அப்பீல் இருக்கணும். பேனல்ல உக்காந்திருக்கற யூனியன் ஆளும், அந்த டீச்சருக்காக பேசற யூனியன் ஆளும் ஒரே ஆளா இருக்கவே கூடாது, இதை கொட்டை எழுத்துல எழுதி வைங்க. எனக்கு போன் பண்ண பொண்ணுக்கு நான் சொன்னதும் இதுதான், உக்காரு, ஆனா இந்த ரூல் எழுத்துல வந்தப்புறம் உக்காரு.

சம்பளத்தை ஏன் தள்ளி வைக்கச் சொல்றேன்

ஒஹையோவுல இருக்கற சின்சினாட்டியே சாட்சி. அங்க அனுபவமுள்ள டீச்சர்கள் மத்த டீச்சர்கள் கிளாஸை வந்து பாத்து மதிப்பிடற முறை இருந்துச்சு, மதிப்பிடற வருஷத்துல நாலு தடவை, அதுல மூணு தடவை வர்றது சக டீச்சர். அதை சம்பளத்தோட கட்டலாம்னு 2002ல ஓட்டுக்கு விட்டப்போ 1,892 பேர் வேண்டாம்னாங்க, வேணும்னது 73 பேர். ஆனா அதே மதிப்பீட்டு முறையை ஆராய்ச்சி பண்ண எரிக் டெய்லரும் ஜான் டைலரும், அதுல போய் வந்த நடு அனுபவ டீச்சர்களோட பிள்ளைங்க கணக்குல முன்னேறினாங்க, மதிப்பீடு முடிஞ்ச அடுத்த வருஷங்கள்லயும் அது நின்னுச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. ஒரே முறைதான், கத்துக்க வெச்சப்போ வேலை செஞ்சுது, காசோட கட்டப் போனப்போ உடைஞ்சுது. டென்வர்ல 2005ல மக்கள் ஓட்டு போட்டு புது சம்பள முறைக்கு வரியே கொடுத்தாங்க, 2019ல அந்த முறை புரியலேன்னு டீச்சர்கள் ஸ்ட்ரைக் பண்ணினாங்க. பேச வேண்டாம்னு சொல்லல, சம்பளம் தனி மேசை, இது தனி மேசைன்னு வைங்க. அங்க சண்டை போட்டாலும் இங்க விசிட் நிக்கக் கூடாது.

எழுதி வைக்கறது

சூப்பரின்டென்டென்ட் மாறிடுவார், யூனியன் தேர்தல்ல பிரசிடென்ட் மாறிடுவாங்க. நட்புல ஓடற வேலை அதோட நின்னுடும். முதல் வருஷம் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தமா போட்டு சோதிச்சு, ரெண்டாவது வருஷம் கான்ட்ராக்ட்டுக்குள்ள கொண்டு போங்க. பட்ஜெட் வெட்டு வந்தா முதல்ல போறது இந்த கன்சல்டிங் டீச்சர் பதவிகள்தான், அதனால எத்தனை பதவிங்கறதையும் எண்ணாவே எழுதுங்க. எழுதி வெச்சா வெளி அழுத்தத்தையும் தாங்கும், ஸ்கூல் சீர்திருத்தத்துக்குன்னு ஃபெடரல் அரசு ஸ்டேட்களுக்கு போட்டி வெச்சு கொடுத்த ரேஸ் டு த டாப் பணத்துல மாண்ட்கோமரி பங்கு 12 மில்லியன் டாலர், டெஸ்ட் மார்க்கை வெச்சு டீச்சரை மதிப்பிடணும்னு நிபந்தனை இருந்ததால அவங்க வேண்டாம்னுட்டாங்க.

நாள் கணக்கு கேக்கறவங்களுக்கு: ஜனவரில ரெண்டு பேர் உக்கார ஆரம்பிங்க, பிப்ரவரி மார்ச்ல வீடியோ சனிக்கிழமைகள், ஏப்ரல்ல பேனல், மே மாசம் கன்சல்டிங் டீச்சர் தேர்வு, ஏன்னா ஜூன்ல கிளாஸ் ஒதுக்கீடு முடிஞ்சுடும், அதுக்கு மேல அவங்களை கிளாஸ்ல இருந்து வெளிய எடுக்க எந்த பிரின்சிபாலும் ஒத்துக்க மாட்டார். ஆகஸ்ட்ல புது டீச்சர்கள் சேர்ற முதல் நாள், யூனியன் பிரசிடென்ட்டும் சூப்பரின்டென்டென்ட்டும் ஒண்ணா நின்னு அவங்ககிட்ட, உங்க கிளாஸுக்கு யார் வருவாங்க, எதுக்கு வருவாங்க, அவங்க எழுதறதை யார் யார் படிப்பாங்கன்னு சொல்லணும். கடைசி கேள்விக்கு பதில் தயாரா வெச்சுக்கோங்க, முதல் கை அதுக்குத்தான் தூக்குவாங்க.